கிராபிக்ஸ் சிப் போட்டி: பயணிக்கு என்ன லாபம்?

தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் போகக் காத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அந்தப் பாதையில் கேரள அரசின் பஸ்ஸும் ஓடுகிறது, தமிழக அரசின் பஸ்ஸும் ஓடுகிறது. எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம். எதில் ஏறினாலும் களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக ஊர் போய்ச் சேரலாம். ஒன்றில் இடமில்லை என்றாலோ, கண்டக்டர் சில்லறைக்காகச் சிடுசிடுத்தாலோ, இறங்கி அடுத்த வண்டியைப் பார்க்கலாம். போட்டி என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

அதே பயணி மாதப் பாஸ் எடுத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்ப்பரேஷனின் பாஸ் மற்றொரு கார்ப்பரேஷனின் வண்டியில் செல்லாது. அப்போது நிலையத்தில் இரண்டு பஸ்கள் நின்றாலும் அவருக்கு இருப்பது ஒரே பஸ்தான். பக்கத்து வண்டி காலியாகப் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப் விஷயத்தில் இன்று உலகம் முழுவதும் நடப்பது இந்த இரண்டாவது கதை. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகளும் விளையாட்டுச் சந்தையிலும் செயற்கை நுண்ணறிவுச் சந்தையிலும் கடுமையாக மோதுவதாகச் செய்திகள் வருகின்றன. மோதல் உண்மைதான். ஆனால் வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கும் பாஸ் ஒரே கம்பெனியுடையது.

கோடீஸ்வரர்களின் இந்தச் சண்டையில் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுபவருக்கும், தம்பானூர் லாட்ஜில் ரிஜிஸ்தர் பார்ப்பவருக்கும் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிள்ளை பிளஸ் டூ முடித்து கம்ப்யூட்டர் படிப்பில் சேரும்வரை ஒன்றும் இல்லைதான். சேர்ந்த சில மாதங்களில் அவன் கிராபிக்ஸ் கார்டு உள்ள லாப்டாப் வேண்டும் என்கிறான். விளையாடவா, படிக்கவா என்று தகப்பனார் கேட்கிறார். இரண்டுக்கும்தான் என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. விளையாட்டுக்கென்று செய்த சிப்தான் இன்று செயற்கை நுண்ணறிவுக்கும் எஞ்சினாக இருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதை ஆபீஸ் பழக்கத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரின் சாதாரண பிராசசர் அனுபவமுள்ள ஹெட்கிளார்க் மாதிரி. எந்தச் சிக்கலான ஃபைலையும் எடுத்துப் படித்து, விதியைப் பார்த்து முடிவெழுதுவார். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு சில ஃபைல்தான். கிராபிக்ஸ் சிப்போ ஒரு பெரிய ஹாலில் உட்கார வைத்த ஆயிரக்கணக்கான கடைநிலைக் கணக்கர்களைப் போன்றது. யாருக்கும் விதி தெரியாது. பெருக்கவும் கூட்டவும் மட்டுமே தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் பெருக்குவார்கள். கம்ப்யூட்டர் திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டில் கார் ஓட வேண்டுமானால் அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் வினாடிக்கு 60 தடவை புதிதாகக் கணக்கிட வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிக்கு மேல். ஹெட்கிளார்க்குக்கு இது ஆகாது. ஹால் நிறைய கணக்கர்கள் வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கும் வேண்டியது இதே பெருக்கல்தான், அளவு மட்டும் மிக மிகப் பெரியது.

1990-களில் இந்தத் தொழிலில் போட்டி என்றால் உண்மையிலேயே போட்டி. 3டிஎஃப்எக்ஸ், எஸ்3, மேட்ராக்ஸ், கனடாவின் ஏ.டி.ஐ. என்று கடைகள் பல இருந்தன. 1993-ல் ஜென்சன் ஹுவாங்கும் இரு நண்பர்களும் தொடங்கிய என்விடியா அதில் ஒரு சிறு கடை. அவர்கள் கூடிப் பேசித் திட்டமிட்டது டென்னிஸ் என்ற சாதாரண ஓட்டலில். அந்த ஓட்டல் கம்பெனியில்தான் ஹுவாங் சிறு வயதில் தட்டுக் கழுவியவர். 1995-ல் வந்த அவர்களுடைய முதல் சிப் தோற்றது. ஜப்பானின் சேகா என்ற விளையாட்டுக் கம்பெனி, ஒப்பந்த வேலை முடியாத நிலையிலும் கொடுத்த 50 லட்சம் டாலர்தான் அவர்களை மூழ்காமல் காத்தது. தைவானில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் ஹுவாங். ஏ.எம்.டி.யின் தலைவி லிசா சூவும் அதே தைவானின் தைனான் நகரில் பிறந்தவர்தான். இருவரும் தூரத்து உறவினரும்கூட. வெளியூர் போய்ப் பிழைத்தவர்களின் கதையை ரசிக்காதவர் தம்பானூரில் இருக்க முடியாது. ஆனால் ரசனை வேறு, விலைச்சீட்டு வேறு.

கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துக்களை என்விடியா வாங்கிக்கொண்டது. 2006-ல் ஏ.டி.ஐ.யை 540 கோடி டாலருக்கு ஏ.எம்.டி. வாங்கியது. மிஞ்சியது இரண்டு பெரிய கடை. இன்டெல் தனிக் கார்டுகளோடு மூன்றாவதாகச் சந்தைக்கு வந்தது 2022-ல்தான்.

அதே 2006-ல்தான் என்விடியா தன் பாஸை அறிவித்தது. அதன் பெயர் கூடா. தமிழ்க் காதுக்கு வேடிக்கையான பெயர். மற்றவர் சிப்பில் ஓடக் கூடாது என்பதன் சுருக்கமோ என்று தோன்றும். கிராபிக்ஸ் சிப்பைப் படம் வரைவதற்கு மட்டுமின்றி எந்தக் கணக்குக்கும் பயன்படுத்த உதவும் புரோகிராம் தொகுப்பு அது. விலை கிடையாது, இலவசம். யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத காலத்திலேயே கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 2012-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய இரு மாணவர்களும், படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் சொல்லும் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னே தள்ளினார்கள். அவர்கள் பயன்படுத்தியவை ஜி.டி.எக்ஸ். 580 என்ற இரண்டு விளையாட்டுக் கார்டுகள். பையன்கள் கடையில் வாங்கும் கார்டு. 2010-ல் அறிமுகமானபோது அதன் விலை 499 டாலர். ஹின்டனுக்கு 2024-ல் பௌதிக நோபல் பரிசே கிடைத்தது.

அன்றிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிய புரோகிராம்கள், மாணவர்கள் படித்த பாடங்கள், கம்பெனிகள் பழகிய பழக்கங்கள் எல்லாம் கூடாவின் மேலேயே கட்டப்பட்டன. 2016-ல் ஏ.எம்.டி. தன் பங்குக்கு ராக்எம் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் எம்.ஐ.300எக்ஸ் என்ற சிப்பை வெளியிட்டது. என்விடியாவின் எச்100 சிப்பில் 80 ஜி.பி. நினைவகம் என்றால் இதில் 192 ஜி.பி. பொருள் மட்டமில்லை. இருந்தும் கூட்டம் என்விடியா கவுன்டரை விட்டு நகரவில்லை. எதிர்க் கவுன்டருக்குப் போனால் பத்தாண்டு எழுதியதைத் திருத்தி, சோதித்து, மறுபடியும் பழக வேண்டும். சிப்பின் வேகத்தையும் விலையையும் வைத்து யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இதில் மிகவும் ஏமாந்தவன் விளையாட்டுப் பையன். அவன் கொடுத்த காசில் வளர்ந்த கம்பெனி அது. 2022 ஜனவரியில் முடிந்த கணக்காண்டில் என்விடியாவுக்கு விளையாட்டுப் பிரிவில் வந்தது சுமார் 1,246 கோடி டாலர். பெரிய கம்ப்யூட்டர் மையங்களுக்கு விற்றதில் வந்தது 1,061 கோடி. 2025 ஜனவரியில் முடிந்த கணக்காண்டில் விளையாட்டுப் பிரிவு சுமார் 1,135 கோடி. கம்ப்யூட்டர் மையங்கள் 11,520 கோடி! எந்த வியாபாரிக்கும் எந்த வாடிக்கையாளரை முதலில் கவனிக்கத் தோன்றும் என்று சாலைக் கடைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அறிவித்த உச்ச ரகக் கார்டின் விலை 1,999 டாலர். இந்தியாவில் 2,14,000 ரூபாய். அதைவிட மலிவான ரகங்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி. 2025 மார்ச்சில் 599 டாலருக்கு ஒரு நல்ல கார்டையும், இன்டெல் 2024 டிசம்பரில் 249 டாலருக்கு ஒன்றையும் விட்டன. அந்த அளவில் போட்டி உயிரோடு இருக்கிறது, பயனும் இருக்கிறது. ஆனாலும் 2025-ல் விற்ற தனிக் கார்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் என்விடியாவுடையவை.

பையனின் துன்பம் கார்டோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் மையங்கள் நினைவகச் சிப்களையும் அள்ளிக்கொண்டு போனதால் 2025-ன் பிற்பகுதியில் சாதாரண ராம் விலை ஏறியது. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு ராம் விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. குஜராத்தின் சானந்தில் இதே மைக்ரானின் தொழிற்சாலைக்கு, திட்டச் செலவில் 50 சதவீதம் மத்திய அரசும் 20 சதவீதம் மாநில அரசும் தருவதாக 2023-ல் முடிவாயிற்று. வரிப்பணம் கொடுத்தவன் கடையில் போய்க் கேட்டால், சில்லறை வியாபாரம் நிறுத்தியாயிற்று என்ற பதில்!

அரசு அலுவலகத்தில் ஒரு மின்விசிறி வாங்கக்கூட மூன்று கொட்டேஷன் கேட்பது வழக்கம். கிராபிக்ஸ் சிப்புக்கும் மூன்று கொட்டேஷன் கிடைக்கும். ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். என்விடியாவுக்கும் ஏ.எம்.டி.க்கும் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. வரைபடம்தான் அவர்களுடையது. இரண்டு கம்பெனிகளின் உயர்ரகச் சிப்களையும் செய்து தருவது தைவானின் டி.எஸ்.எம்.சி. தெருவில் இரண்டு பலகாரக் கடை, இரண்டு போர்டு. பின்கட்டில் ஒரே அடுப்பு. தைவானில் பூமி அதிர்ந்தாலும் அரசியல் அதிர்ந்தாலும் இரண்டு கடையிலும் ஒரே நாளில் பலகாரம் தீர்ந்துபோகும். பெரிய புள்ளிகள் இதிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறார்கள். கூகுள் தனக்கென்று சொந்தச் சிப் வடிவமைத்துக்கொண்டது, அமேசானும் அப்படியே. பஸ் பிடிக்கவில்லை என்று சொந்தமாக வண்டி வைத்துக்கொள்வது அவர்களால் முடியும்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தரவில்லை. வானிலை கணிப்புக்கு மட்டும், அதைவிடக் குறைந்த ரகம் ஒன்றைக் கட்டுப்பாடுகளோடு தந்தது. அதற்குப் பதிலாக 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கி, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வந்தது. முப்பத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், பைடன் அரசு வெளியிட்ட விதியில் உயர்ரக கிராபிக்ஸ் சிப்களை எத்தனை வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்த நாடுகளின் வரிசையில் மறுபடியும் இந்தியா. மே மாதத்தில் டிரம்ப் அரசு அந்த விதியை ரத்து செய்தது. ரத்து செய்தவரே மறுபடியும் போடலாம். பாஸும் அவர்களுடையது, பஸ்ஸும் அவர்களுடையது, ரோட்டில் கேட் போடுவதும் அவர்களே என்றால் பயணியின் நிலை என்ன?

மத்திய அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் அளவில் இந்தியா ஏ.ஐ. மிஷனுக்கு மந்திரிசபை ஒப்புதல் தந்தது. தனியார் மையங்களில் உள்ள கிராபிக்ஸ் சிப்களை, அரசு மானியத்தோடு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஏற்பாடு அது. முதல் சுற்றில் 18,693 சிப்கள்; 2025-க்குள் 38,000 தாண்டியது. சராசரி வாடகை மணிக்கு 65 ரூபாய் என்றார்கள். நல்ல ஏற்பாடு. ஒரு எச்100 சிப்பின் விலையே 25,000 டாலருக்கு மேல் போகும்போது, வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். குமாஸ்தா கணக்கில் சொன்னால், 2,14,000 ரூபாய்க் கார்டு ஒன்றின் விலையில் தினம் ஒரு மணி நேரம் வீதம் 9 ஆண்டு வாடகைக்கு ஓட்டலாம்.

ஆனால் அந்த முதல் சுற்றுப் பட்டியலில் ஏ.எம்.டி.யும் இன்டெல்லும் பெயருக்கு இருந்தாலும் பெரும்பகுதி என்விடியா. இந்திய மொழிகளுக்கான மாடல் உருவாக்க 2025-ல் தேர்வான பெங்களூர் சர்வம் கம்பெனிக்கு ஒதுக்கியவையும் 4,096 எச்100 சிப்கள். அரசுப் பணத்தில் எழுதப்படும் புரோகிராம்களும் அதே பாஸின் மேல் எழுதப்பட்டால், பத்தாண்டு கழித்து அரசு வேறு கவுன்டருக்குப் போக நினைத்தாலும் போக முடியாது. தமிழுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. இன்றைய மாடல்கள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த மாடல்கள் பலவற்றில் அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் துண்டுகள் அதிகம். துண்டு அதிகமானால் கணக்கு அதிகம், செலவும் அதிகம். சிப் விலை ஒரு ரூபாய் ஏறினால் ஆங்கிலக்காரரைவிடத் தமிழருக்குச் சற்றுக் கூடுதலாகவே வலிக்கும்.

இதற்கு மாற்று என்ன என்று டில்லியையும் பெங்களூரையும் பார்க்க வேண்டியதில்லை. தம்பானூரிலிருந்து டவுன் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் வெள்ளையம்பலம். கெல்ட்ரான் தலைமையகம் அங்கேதான். கெல்ட்ரானின் ஆராய்ச்சிப் பிரிவாக வேர்விட்டு, பிறகு மத்திய அரசின் கைக்கு வந்து, இன்று சி-டாக்கின் திருவனந்தபுரம் மையமாக இருக்கும் நிறுவனமும் அங்கேதான். வேகா என்ற பெயரில் அவர்கள் வடிவமைத்த பிராசசர் வரிசைக்கு ரிஸ்க்-ஐந்து என்பது அடிப்படை. யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாத, எவரும் எடுத்தாளக்கூடிய பொதுக் கட்டளை மொழி அது. சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி குழுவினர் செய்த சக்தி பிராசசருக்கும் அதுவே அடிப்படை. 2025 டிசம்பரில் சி-டாக் அறிவித்த துருவ்64 அந்த முயற்சியின் அண்மைக் கிளை. இதே நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்து, பஞ்சாபின் மொகாலியில் செய்த விக்ரம் 3201 பிராசசரை 2025 செப்டம்பரில் பிரதமரிடம் கொடுத்தார்கள்.

இவற்றைக் கொண்டு நாளைக்கே என்விடியாவோடு மல்லுக்கு நிற்கலாம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். இவை ஹெட்கிளார்க் ஜாதி. ஹால் நிறைய உட்காரும் கணக்கர் ஜாதி அல்ல. வேகமும் வெகு தொலைவில் இருக்கிறது. சொந்த கிராபிக்ஸ் சிப் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் என்று மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2025-ல் சொன்னார். அரசாங்கத்தின் ஐந்தாண்டு எத்தனை ஆண்டு என்பது ஃபைல் நகர்த்துபவர்களுக்குத் தெரியும். ஆனால் ராயல்டி இல்லாத பொதுப் பாதை என்ற எண்ணம் சரியான எண்ணம்.

அந்த எண்ணத்தைக் கேரளம் ஒரு தடவை நடத்திக் காட்டியும் இருக்கிறது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் வந்தபோது, ஒரே கம்பெனியின் விண்டோசைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதா என்ற கேள்வி எழுந்தது. 2000-களில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னாளில் கைட் என்று பெயர் பெற்ற அதே அமைப்பு, படிப்படியாக லினக்ஸ் போன்ற சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது; வெளியே ஆபீஸ்களில் எல்லாம் விண்டோஸ்தானே, இதைப் படித்து என்ன பயன் என்றார்கள். ஆனால் அப்படிப் படித்த பிள்ளைகள் விண்டோசையும் பழகிக்கொண்டார்கள். பாதை கற்றவனுக்கு எந்தப் பஸ்ஸும் சரிதான். தமிழகம் இதில் பின்தங்கிவிட்டது என்று சொன்னால் ஊர்ப்பாசம் கொண்டவர்கள் கோபிக்கக் கூடாது.

ஆகவே, லாப்டாப் கேட்கும் பிள்ளையின் தகப்பனார் வட்டிக்கு வாங்கியோ பி.எப். லோன் போட்டோ உச்ச ரகக் கார்டு வாங்கித் தர அவசரப்பட வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவு என்று ரயிலேறவும் வேண்டாம். முதலிரண்டு ஆண்டுப் பாடத்துக்கு வேண்டிய அளவு கிராபிக்ஸ் சிப்பைக் கூகுளின் கோலாப் போன்றவை வரம்போடு இலவசமாகவே தருகின்றன. சாதாரணக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் போதும். பைடார்ச் போல, என்விடியாவிலும் ஏ.எம்.டி.யிலும் ஓடக்கூடிய கருவிகளில் எழுதிப் பழகட்டும். விளையாட ஆசை என்றால், அதை ஆசை என்றே சொல்லிக் கேட்கட்டும். நடுத்தர ரகத்தில் இன்டெல்லையும் ஏ.எம்.டி.யையும் விலை பார்த்து வாங்கலாம். விளையாட்டுக்குக் கூடாப் பாஸ் அவசியமில்லை.

மணிக்கு 65 ரூபாய்ச் சிப் காகிதத்தில் மாணவர்களுக்கும் உரியதுதான். பெங்களூர்க் கம்பெனிக்குத் திறந்த கதவு, கேரளத்தில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போன பையனுக்கும் திறக்கிறதா என்பதைச் சங்கங்களும் மன்றங்களும் கேட்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைக்கும்போது இந்த மனுவையும் கையில் கொடுக்கலாம்.

மத்திய அரசிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. டெண்டர் எழுதிப் பழகிய எந்த குமாஸ்தாவும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய ஒரே ஒரு நிபந்தனை. அரசு மானியத்தில் உருவாகும் எந்தப் புரோகிராமும் குறைந்தது இரண்டு கம்பெனிகளின் சிப்பில் ஓடிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் கடைசித் தவணைப் பணம் பட்டுவாடா ஆகும்.